பாயும் கதிரையும் முப்பரிமாணத் திரையும்: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2014ஆம் ஆண்டு நடுப்பகுதியில், மீள்குடியேறிக் கல்வீடு கட்டி முடித்த கையோடு, வவுனியாவில் ஒரு கடையில் 42 அங்குல முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வாங்கினேன். பெட்டியோடு நான்கு கண்ணாடிகள் தந்தார்கள். பிறகு மூன்றைத் தனியாக வாங்கிச் சேர்த்தேன். கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த அன்றிரவே அதை விறாந்தையில் இருந்த அலுமாரியின் மேல் ஏற்றிவைத்து, அயலட்டைப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, கடலடி வாழ்க்கை பற்றிய ஒரு படத்தைப் போட்டேன். கதிரையில் இருந்த எனக்கு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழகாக நீந்தின. பாயில் இருந்த பிள்ளைகளோ கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். “அப்பா, மீனெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றான் மகன். கண்ணாடிதான் பழுது என்று நினைத்து என்னுடையதைக் கொடுத்துப் பார்த்தேன், அதிலும் இரண்டுதான். நானும் பாயில் இறங்கி இருந்த பிறகுதான் பிழை கண்ணாடியில் இல்லை, நாங்கள் இருந்த உயரத்தில் இருந்தது என்று விளங்கியது.

இந்த வகைப் பெட்டியில் திரையின் 1080 கிடைவரிகளும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிக்கப்பட்டு, 540 வரிகள் இடக்கண்ணுக்கும் 540 வரிகள் வலக்கண்ணுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முகப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் ஒரு வரியின் ஒளியை இடஞ்சுழியாகவும் அடுத்த வரியின் ஒளியை வலஞ்சுழியாகவும் முனைவாக்கி (ஒளியலை அதிரும் விதத்தை ஒழுங்குபடுத்தி) அனுப்ப, கண்ணாடியின் இரண்டு வில்லைகளும் தத்தமக்குரியதை மட்டும் உள்ளே விடுகின்றன. ஆனால் வரிகளுக்கும் அந்தப் படலத்துக்கும் இடையில் திரைக் கண்ணாடியின் தடிப்பு கிடக்கிறது. நேர் எதிரே இருப்பவருக்கு ஒவ்வொரு வரியும் தன்னுடைய பட்டையின் ஊடாகத் தெரியும். கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அடுத்த வரியின் பட்டையும் குறுக்கே வந்துவிடும், அதனால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமும் கலந்து போகும். பக்கவாட்டில் எவ்வளவு விலகி இருந்தாலும் பெரிய குறையில்லை, மேல்கீழ்தான் சிக்கல். கடைகளிலும் விளம்பரப் படங்களிலும் எல்லோரும் சோபாவில் ஒரே உயரத்தில் இருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் கதிரையிலும் பிள்ளைகள் பாயிலும், இன்னும் சிலர் வாசற்படியிலும் இருப்பார்கள் என்பதை இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

மறுநாளே பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கி ஒரு பழைய வாங்கின் மேல் வைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, முப்பரிமாணப் படம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாய்தான். முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு மட்டும் ஒரு குட்டைப் பலகை. சுவரிலிருந்து பாய்வரை இரண்டரை மீற்றர். அதைவிடக் கிட்டப் போனால், வரிகள் பாதியாகிவிட்டதால் சரிந்த கோடுகள் எல்லாம் படிக்கட்டுப் போலத் தெரியும்.

இரண்டு கண்களும் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் இடைவெளியில் இருப்பதால் சற்று வேறுபட்ட இரண்டு காட்சிகளைக் காண்கின்றன என்பதையும், அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தைக் கட்டியெழுப்புகிறது என்பதையும் 1838இல் ஆங்கிலேய இயற்பியலாளர் சாள்ஸ் வீற்ஸ்ரன் இரண்டு ஆடிகளையும் இரண்டு வரைபடங்களையும் வைத்துக் காட்டினார். அப்போது புகைப்படக் கலை பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவே இல்லை. அதன் பிறகு வந்த எல்லாக் கருவிகளும், என் பெட்டி உட்பட, இந்தக் கண்ணின் படம் அந்தக் கண்ணுக்குப் போகாமல் தடுப்பது எப்படி என்ற ஒரே கேள்விக்குச் சொன்ன வெவ்வேறு விடைகள்தான். 1853இல் ஜேர்மனியரான வில்ஹெல்ம் றொல்மன் நிறங்களைக் கொண்டு பிரித்தார். 1922இல் லொஸ் ஏஞ்சலிசில் காட்டப்பட்ட ‘த பவர் ஒஃப் லவ்’ என்ற படமும் நிறக் கண்ணாடி போட்டுப் பார்த்த படமே.

அந்த முறையை நானும் பெட்டி வாங்குவதற்கு முன்பே கைப்பட முயன்றிருக்கிறேன். தோரணம் கட்டும் சிவப்பு, நீலக் கண்ணாடித்தாள்களைக் காட்போட் மட்டையில் ஒட்டி, கணினித் திரையில் படம் பார்த்தோம். சிவப்புத் தாள் தன் வேலையைச் செய்தது. நீலத் தாள் செய்யவில்லை: அதற்குள்ளால் சிவப்பு கசிந்தது. இரண்டாக மடித்து ஒட்டிய பிறகு கசிவு குறைந்தது, ஆனால் அந்தப் பக்கம் இருட்டிவிட்டது. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வேலியில் நின்ற கிளுவை ஒரு கண்ணுக்குச் செம்மையாகவும் மற்றதற்கு நீலமாகவும் தெரியும். ஆழம் கிடைத்தாலும் நிறம் செத்துப்போகும் முறை அது.

முல்லைத்தீவில் இருக்கும் மச்சான் என்னோடு போட்டிக்கு மற்ற வகைப் பெட்டியை வாங்கினார். அதில் திரை இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மாறி மாறிக் காட்ட, கண்ணாடியில் உள்ள திரவப்பளிங்கு வில்லைகள் அதற்கு இசைவாக மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு கண்ணுக்கும் செக்கனுக்கு 60 தடவை. ஒவ்வொரு கண்ணுக்கும் 1080 வரியும் முழுதாகக் கிடைக்கும், எந்த உயரத்தில் இருந்தும் பார்க்கலாம். நேர்மையாகச் சொன்னால், முதல் ஆண்டில் அவருடைய படம் என்னுடையதைவிடக் கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் பழைய சோக் வைத்த ரியூப் விளக்கு எரிந்தால் அந்தக் கண்ணாடிக்குள்ளால் அறை முழுவதும் மினுங்கும். விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி பாரம், ஒவ்வொன்றுக்கும் பற்றரி, ஒவ்வொன்றின் விலையும் என் மூன்று கண்ணாடிகளின் விலையைவிட அதிகம். ஐந்தாம் ஆண்டில் பற்றரிகள் மின்னேற்றம் பிடிக்காமல் போயின, மாற்றுவதற்கும் கிடைக்கவில்லை. இன்று அவருடைய பெட்டி சாதாரண ரிவி. என்னுடைய கண்ணாடிக்குள் பழுதாவதற்கு ஒன்றுமே இல்லை, கீறல் விழுவதைத் தவிர. அந்தக் கீறல்தான் எங்கள் ஊரில் பெரும் பிரச்சினை: வெயில் காலத்தில் செம்மண் தூசி எதிலும் படியும், அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தால் வில்லை போனதுதான். முதலில் தண்ணீரில் அலசி, பிறகே துணி.

என் பெட்டியின் முனைவாக்கம் ஒளியலை சுழன்றபடி வரும் வட்டவகையானது என்பதால் தலையைச் சாய்த்தாலும் படம் கலங்குவதில்லை. 1950களின் தியேட்டர்களில் கொடுத்த, ஒளியலை ஒரே கோட்டில் அதிரும் நேர்கோட்டு வகைக் கண்ணாடியில் சற்றுத் தலை சாய்ந்தாலே இரட்டைப் படம் எட்டிப் பார்க்கும். ஆனால் இதை நம்பித் தலையணையில் பக்கவாட்டாகப் படுத்துப் பார்க்க முடியாது. அப்போது இரண்டு கண்களும் மேலும் கீழுமாக வந்துவிடுகின்றன, படங்களின் வேறுபாடோ கிடையாகவே இருக்கிறது. மூளையால் இரண்டையும் பொருத்த முடியாமல் தலையிடிதான் மிஞ்சும். மகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு ஆண்டுகள் எடுத்தன.

ஆழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியவர்கள் பலர் ஏமாந்தது இதில்தான். தியேட்டரில் பார்த்த அதே படம் வீட்டில் ஏன் தட்டையாகத் தெரிகிறது என்று நானும் குழம்பியிருக்கிறேன். மிகத் தொலைவில் இருக்கும் ஒரு மலையைக் காட்ட வேண்டுமென்றால், திரையில் இடக்கண்ணுக்குரிய மலையும் வலக்கண்ணுக்குரிய மலையும் நம் கண்களின் இடைவெளியான 65 மில்லிமீற்றருக்கு விலகியிருக்க வேண்டும். அதைவிட விலகினால் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டிவரும், அது நோகும். 12 மீற்றர் அகலத் திரைக்கு அப்படி அளந்து செய்த படத்தை 93 சென்ரிமீற்றர் அகலமுள்ள என் திரையில் போட்டால், அந்த 65 மில்லிமீற்றர் வெறும் 5 மில்லிமீற்றராகச் சுருங்குகிறது. இரண்டரை மீற்றர் தூரத்திலிருந்து கணக்குப் பார்த்தால், முடிவிலியில் நிற்க வேண்டிய மலை என் திரைக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் பின்னால், அதாவது சுவரின் சாந்துக்குள் நிற்கிறது. ஆகவே வீட்டு முப்பரிமாணம் என்பது யன்னல் அல்ல, ஆழமில்லாத ஒரு கண்ணாடிப் பெட்டி. அதை ஒப்புக்கொண்டு பார்த்தால் அது அருமையான பெட்டி: கடலடி, பூச்சிகள், கணினியில் வரைந்த அசைவூட்டப் படங்கள் எல்லாம் அதற்குள் நன்றாக அடங்குகின்றன. பெரிய போர்க்களங்களும் வானூர்திகளும் பொம்மைகளாகின்றன. எங்களுக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

இன்னொரு தொல்லை, கோப்புகள். முப்பரிமாண வட்டு இங்கே எனக்குக் கிடைத்ததே இல்லை; யூஎஸ்பியில் வரும் படங்கள் பெரும்பாலும் இரண்டு கண்ணின் படங்களையும் அகலத்தில் பாதியாக நெரித்துப் பக்கம் பக்கமாக வைத்தவை. சிலவற்றில் இடமும் வலமும் மாறிக் கிடக்கும். பார்த்தவுடன் பிழை தெரியாது. ஏதோ சரியில்லை என்று கண் மட்டும் சொல்லும். ஒரு தடவை முன்னால் நிற்கும் மனிதனின் தோள், பின்னால் நிற்கும் தென்னையில் துளை போட்டுக்கொண்டு அதற்கும் அப்பால் போய் நின்றது. றிமோட்டில் இடம்-வலம் மாற்றும் தெரிவை அழுத்தியதும் தோள் தன் இடத்துக்கு வந்தது.

சித்தப்பாவுக்கு 2009இல் ஒரு கண் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் படம் பார்க்கும்போது அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் திரை இரட்டையாகக் கலங்கிக் கிடக்கும், தனக்கு அந்தக் கண்ணாடி எதற்கு என்று அவர் நினைத்திருந்தார். ஒருநாள் வற்புறுத்திப் போட்டுவிட்டேன். “இப்ப ஒண்டாத் தெரியுது, வடிவாத் தெரியுது” என்றார். ஒரு கண்ணுக்கு ஒரு படம் மட்டும் போவதால் அவருக்கு ஆழமில்லாத, ஆனால் தெளிவான படம் கிடைக்கிறது. அதைப் பார்த்த பிறகு, உடைந்த இரண்டு கண்ணாடிகளிலிருந்து இடப்பக்க வில்லைகளைக் கழற்றி ஒரே சட்டத்தில் இரண்டு பக்கமும் பொருத்தினேன். வில்லையின் வெளிமுகம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு இப்போது அதைத்தான் கொடுக்கிறேன்.

இந்தத் தொழில்நுட்பம் அலை அலையாக வந்து போனது. 1952இல் அமெரிக்காவில் ‘ப்வானா டெவில்’ தொடக்கிவைத்த அலை, இரண்டு படமெறிகருவிகளை ஒரு சட்டகமும் பிசகாமல் ஓட்ட முடியாத தியேட்டர்களில் சில ஆண்டுகளில் அடங்கியது. 1984இல் மலையாளத்தில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக வந்தது. 2009 இறுதியில் ‘அவதார்’ வந்ததும் அடுத்த ஆண்டே தொலைக்காட்சிகள் சந்தைக்கு வந்தன; 2017இல் எல்ஜியும் சோனியும்கூட நிறுத்திக்கொண்டன. நான் வாங்கி மூன்றே ஆண்டுகளில்.

என் பெட்டியில் இதுவரை பின்னொளிப் பட்டி ஒருமுறை போனது. பரந்தனில் ஒரு திருத்துநர் மாற்றித் தந்தார். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும் வேகத்துக்கு அஞ்சி மின்னழுத்த நிலைநிறுத்தி (ஸ்ரெபிலைசர்) ஒன்றும் பொருத்தியிருக்கிறேன். ஏழு கண்ணாடிகளில் நான்கும், நான் பொருத்திய ஒன்றும் மிச்சம்.

பழைய பெட்டி வாங்க நினைப்பவர்கள் தரையில் இருந்தும் கதிரையில் இருந்தும் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். கூட வரும் கண்ணாடிகளையும் சோதியுங்கள்: ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். வட்டவகையென்றால் திறந்திருக்கும் கண்ணின் வில்லை கறுத்தும், மூடிய கண் தெளிவாகவும் தெரியும். நேர்கோட்டு வகையென்றால் மாறித் தெரியும். அது இந்தப் பெட்டிக்கு ஆகாது.