ஜிபிஎஸ் தடுமாறினால்: கம்பமா, செப்பு டேப்பா?

பக்கத்திலுள்ள கருவிகளின் மின் இரைச்சலால் ட்ரோனின் ஜிபிஎஸ் தடுமாறினால், அதைக் கம்பத்தில் உயர்த்தலாம், இல்லை இரைச்சல் தரும் கருவியைச் செப்பு டேப்பால் சுற்றலாம். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் ட்ரோனை வைத்துச் செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பாருங்கள். 14 இருந்தது, கேமராவை ஆன் செய்ததும் 7 ஆகிறதா? குற்றவாளி கேமராதான். விடிஎக்ஸையும் (வீடியோவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்) இப்படியே தனியாகச் சோதியுங்கள்.

ஜிபிஎஸ் எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். தரைக்கு வரும்போது சிக்னல் மிகவும் மெலிந்திருக்கும். பக்கத்துச் சர்க்யூட்டின் சின்ன இரைச்சலே அதை அமுக்கிவிடும்.

10 செ.மீ. கம்பத்தில் ஜிபிஎஸ்ஸை உயர்த்தினால் இரைச்சல் குறையும். கூடவே, அதிலுள்ள காம்பஸ் பேட்டரி வயர்களின் காந்தப்புலத்திலிருந்தும் தப்பும். செப்பு டேப்பால் இந்த இரண்டாவது வேலை ஆகாது. செப்பு நிலையான காந்தப்புலத்தைத் தடுக்காது. கம்பத்தின் குறை, கவிழ்ந்தால் முதலில் உடைவது அதுதான். ஆடினாலும் தொல்லை.

டேப் மலிவு, எடையும் சொற்பம். கேமராவின் போர்டையும் ரிப்பன் கேபிளையும் சுற்றி ஒட்டி, கிரவுண்டோடு சால்டர் செய்யுங்கள். இந்தக் கிரவுண்ட் இணைப்பை விட்டுவிட்டுத்தான் பலர் ‘பலனில்லை’ என்கிறார்கள். அடியில் மின்சாரம் கடத்தாத காப்டான் (Kapton) டேப் போடாவிட்டால் ஷார்ட் ஆகும். ஜிபிஎஸ் ஆன்டெனாவின் மேல்முகத்தில் மட்டும் ஒட்டவே கூடாது.

இடமிருந்தால் கம்பம்தான் என் தேர்வு. 3 அங்குல புரொப்பெல்லர் போடும் சின்ன ஃபிரேமில் வேறு வழியில்லை, டேப்தான்.