டெசிக்கன்ட் மாற்றியாச்சு, −40 வந்தாச்சு என்றால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

ஹீட்லெஸ் ஏர் டிரையரை (கம்ப்ரெஸ்ஸர் காற்றின் ஈரத்தை இரண்டு டவர்களில் மாறி மாறி, ஹீட்டர் இல்லாமல் எடுக்கும் கருவி) வெளியாட்களிடம் சர்வீஸுக்கு விட்டிருப்பவர்கள் கவனத்துக்கு. எங்கள் பிளான்ட்டில் இரண்டு டவரிலும் டெசிக்கன்ட் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) மாற்றியதாகச் சொல்லி, டியூ பாயிண்ட் (காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை; குறையக் குறையக் காற்று உலர்ந்தது) மீட்டரில் −40 டிகிரி செல்சியஸ் காட்டி, கையெழுத்து வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளிலேயே லைனில் மறுபடி ஈரம். டவரைத் திறந்தால், மேலே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் வெள்ளை மணிகள். அடியில் பழைய ஆக்டிவேட்டட் அலுமினா மணிகள், எண்ணெய் குடித்துப் பழுப்பேறி அப்படியே கிடந்தது.

பெரும்பாலான டிரையர்களில் ஈரக்காற்று கீழிருந்து மேலே ஏறும். அதனால் எண்ணெய் முதலில் அடி மணிகளைத்தான் பிடிக்கும். அலுமினாவின் நுண்துளைகளில் ஒட்டும் நீராவி, அழுத்தத்தை இறக்கி உலர்ந்த பர்ஜ் காற்றை (மணிகளை உலர்த்தத் திருப்பிவிடும் காற்று) செலுத்தினால் வெளியேறிவிடும். எண்ணெய் போகாது, துளையை அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலே மட்டும் புது மணி போடுவது சுத்த ஏமாற்று. முன்னால் இருக்கும் 0.01 மைக்ரான் எண்ணெய் ஃபில்டரையும் அவர்கள் தொடவில்லை. அதை மாற்றாவிட்டால் புது மணியும் இதே கதிதான்.

அந்த −40 எப்படி வந்தது? மீட்டர் பொய் சொல்லவில்லை, அளந்த விதம்தான் பொய். லைன் காற்றை வெளியே திறந்துவிட்டு அளந்திருக்கிறார்கள். கேஜில் 7 பார் (வளிமண்டலத்தையும் சேர்த்தால் 8) உள்ள காற்று வளிமண்டல அழுத்தத்துக்கு இறங்கும்போது நீராவியின் பங்கு அழுத்தமும் எட்டில் ஒன்றாகிவிடும். லைனுக்குள் −20 இருக்கும் காற்று, வெளியே −40 காட்டும். உண்மையிலேயே லைனில் −40 இருந்தால் வெளியே சுமார் −57 காட்ட வேண்டும். அழுத்தக் காற்றின் தூய்மைக்கான ஐஎஸ்ஓ 8573-1 தரநிலையில் கிளாஸ் 2 கேட்கும் −40, லைன் அழுத்தத்தில் அளப்பது.

எனவே சென்சார் செல் முழு அழுத்தத்தில் இருக்கட்டும். காற்றைக் கசியவிடும் ஸ்க்ரூ சென்சாருக்குப் பின்னால் வர வேண்டும். ரப்பர் ஹோஸ் வேண்டாம், ஈரம் அதன் வழியாகவே ஊடுருவும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டெஃப்லான் டியூப் போதும். ரீடிங் நிலைத்த பிறகும், இரண்டு டவரும் மாறி மாறி ஓடும் ஒரு முழு சைக்கிள் பாருங்கள்.

“காற்று மிச்சம்” என்று பர்ஜ் வால்வை ஒடுக்கியும் வைத்திருந்தார்கள். 7 பாரில் ஹீட்லெஸ் டிரையருக்கு, அதன் கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் பர்ஜுக்குப் போயே ஆக வேண்டும். மணிகள் உலரும் டவரின் கேஜ் ஊசி பூஜ்ஜியத்தில் நிற்காவிட்டால், மஃப்ளரில் (பர்ஜ் காற்று வெளியேறும் இடத்தில் சத்தம் குறைக்கும் பகுதி) தூசி அடைத்திருக்கலாம்.

டெசிக்கன்ட் மாற்றும்போது அடி வழியைத் திறந்து முழுதும் கொட்டச் சொல்லுங்கள். புது மூட்டைகள் சீல் உடையாமல் இருக்கின்றனவா, எடை மேனுவலில் உள்ள அளவுக்குச் சரியா என்று பாருங்கள். தட்டித் தட்டி நிரப்பாமல் தளர்வாக விட்டால், டவர் மாறும் ஒவ்வொரு முறையும் மணிகள் உரசிப் பொடியாகி, பின்னால் உள்ள தூசி ஃபில்டரை அடைக்கும்.