தொலைவுக்கான நீர் ராக்கெட்: அகன்ற வாயா, குறுகிய வாயா?

அடைத்த காற்றின் அழுத்தத்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பறக்கும் நீர் ராக்கெட்டை இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் செய்து, அதை உயரத்துக்காக அல்லாமல் தொலைவுக்காகப் பறக்கவிட விரும்புபவர், தண்ணீர் பீய்ச்சும் வாயின் அளவை முதலில் முடிவு செய்ய வேண்டும். பாட்டிலின் வாயை ஏறத்தாழ 22 மி.மீ. உள்விட்டத்துடன் அப்படியே விடலாம். அல்லது தோட்டக் குழாய் இணைப்பானைப் பொருத்தி 9 மி.மீ. அளவுக்குக் குறுக்கலாம்.

4 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் இரண்டிலும் தண்ணீர் நொடிக்குச் சுமார் 28 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறத் தொடங்கும். ஆனால் வாயின் பரப்பு ஆறு மடங்கு வேறுபடுவதால், அகன்ற வாயில் தொடக்க உந்துவிசை 300 நியூட்டனையும் குறுகிய வாயில் 50 நியூட்டனையும் ஒட்டியிருக்கும். குறுகிய வாயில் உந்துதல் கூடுதல் நேரம் நீடிக்கும், வாலில் ஒட்டிய துடுப்புகள் பிய்ந்து போவதும் குறைவு. இருந்தாலும் சாய்த்து ஏவும்போது அது ஏவுதளத்தை விட்டு மெதுவாகவே கிளம்புவதால், துடுப்புகளுக்குக் காற்றில் பிடிமானம் கிடைக்கும் முன்பே மூக்கு தாழ்ந்துவிடுகிறது. தொலைவே குறிக்கோள் என்றால் அகன்ற வாயே என் தேர்வு. பாட்டிலுக்குள் நுழையும் ஏவுகுழாயையும் சேர்த்தால், தண்ணீரை இழக்காமலே தொடக்க வேகம் கிடைக்கும்.

ராக்கெட் நேராகப் பறக்கப் பெரிய துடுப்புகளா, மூக்கில் எடையா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். துடுப்பைப் பெரிதாக்கினால் வால் கனத்து ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்கிறது, காற்றுத்தடை கூடுகிறது, பக்கக் காற்றில் ராக்கெட் திசை மாறுகிறது. மூக்கில் களிமண் வைத்தால் ஈர்ப்பு மையம் முன்னேறுவதோடு வேறொரு பலனும் உண்டு: தண்ணீர் தீர்ந்தபின் எஞ்சுவது 50 கிராம் அளவேயுள்ள வெற்றுப் பாட்டில் என்பதால், எறிந்த காகித உருண்டையைப் போல அது சட்டென்று வேகமிழக்கும்; எடை சேர்ந்தால் வேகம் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். எடை மிகுந்தாலோ புறப்படும் வேகமே குறைந்துவிடும். எனவே 20 கிராம் வீதம் கூட்டிக்கொண்டே போய், தொலைவு குறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவதே சரி. மூக்கின் நுனி மென்மையான ரப்பராகவோ நுரைப்பஞ்சாகவோ இருக்கட்டும். காலி ராக்கெட்டை அதன் சமநிலைப் புள்ளியில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முந்திச் சென்றால் துடுப்புகள் போதும், வால் முந்தினாலோ பக்கவாட்டில் புரண்டாலோ போதாது.

தண்ணீரைப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பித் தொடங்கலாம். ஏவும் கோணத்துக்கு ஆகும் மெனக்கெடலில் பாதியை அழுத்தமானிக்குச் செலவிடுவது நல்லது: காற்றுத்தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 45 பாகைக்குப் பதில் 40 பாகையில் ஏவுவதால் இழப்பது 1.5 சதவீதம் மட்டுமே. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு மாறினாலோ சேமிக்கும் ஆற்றலும் குறைந்தது அந்த அளவுக்கு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே அழுத்தத்தில் பலமுறை ஏவி, சராசரியோடு விழுந்த இடங்களின் சிதறலையும் குறித்துக்கொள்ள வேண்டும். 5 பாருக்கு மேல் ஏற்றாதீர்கள். மடிப்போ கீறலோ விழுந்த பாட்டிலை அடுத்த ஏவலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.