திரையில் 1,800 டாலர், கையில் 54: விளையாடிச் சம்பாதிக்கக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

‘விளையாடு, சம்பாதி’ என்று அழைத்த ஒரு பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பொதுப் பதிவேடு) விளையாட்டில் என் பணம் போய்விட்டது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இல்லை; இந்த மாதிரி ஆட்கள் பெயரையும் லோகோவையும் மாற்றிக்கொண்டு மறுபடி கடை விரிப்பார்கள். எப்படி நடந்தது என்பது தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

அழைப்பு ஒரு டெலிகிராம் குழு வழியாக வந்தது. விளையாட மூன்று வீரர்களை வாங்க வேண்டும். ஒவ்வொரு வீரரும் ஒரு என்எஃப்டி (பிளாக்செயினில் பதிவான டிஜிட்டல் உடைமை), “உங்கள் சொந்தச் சொத்து, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம்” என்றார்கள். சண்டையில் ஜெயித்தால் டோக்கன், அதாவது அந்த விளையாட்டின் சொந்த டிஜிட்டல் காசு, கிடைக்கும்; அதை டாலர் காயினாக (ஒன்று ஒரு டாலர் என்று மதிப்பிடப்படும் டிஜிட்டல் காசு) மாற்றி வெளியே எடுக்கலாம். முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் என் வாலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பைக்கு) வந்து சேர்ந்தது. ‘சின்னத் தொகை எடுத்து சோதித்துப் பாருங்கள்’ என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இங்கே செல்லாது, ஏனென்றால் அந்தச் சின்னத் தொகையைக் கொடுப்பதற்கென்றே அவர்கள் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வீரர்களை அப்கிரேடு செய்தால் வருமானம் இரட்டிப்பாகும் என்றார்கள். சம்பாதித்த டோக்கன் திரும்ப உள்ளேயே போனது. ஒருநாள் ‘பொருளாதாரத்தை நிலைப்படுத்த’ என்று ஓர் அறிவிப்பு: பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்தம். பூட்டு திறந்தபோது என் கணக்கில் 1,800 டாலர் என்று காட்டியது. மொத்தத்தையும் மாற்றப் போனேன். தொகையைப் போட்டதும் திரையில் சிவப்பு எழுத்தில் விலைப் பாதிப்பு (நான் விற்பதாலேயே விலை சரியும் அளவு) 97 சதவீதம் என்று வந்தது. கீழே, எனக்குக் கிடைக்கப்போவது 54 டாலர்.

இது ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். கோளாறே இல்லை. விளையாட்டு காட்டும் தொகை, கடைசியாக நடந்த விற்பனையின் விலையை உங்கள் டோக்கன் எண்ணிக்கையால் பெருக்கி வரும் வெறும் கணக்கு. உண்மையில் நீங்கள் விற்பது லிக்விடிட்டி பூல் எனப்படும் ஒரு தொட்டியில். அதில் ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் டாலர் காயின். டோக்கனைக் கொட்டக் கொட்ட விலை சரியும். டாலர் பக்கத்தை நிரப்பியவர்களே அதை உருவிக்கொண்டு போய்விட்டால், உங்களிடம் லட்சம் டோக்கன் இருந்தாலும் சில்லறைதான். என் விஷயத்தில் பூட்டு போட்டிருந்த நாட்களில்தான் அந்தத் தொட்டி காலியானது. பிளாக்செயின் பதிவுகளில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பார்த்து என்ன செய்ய? பணம் எந்த முகவரிக்குப் போனது என்று தெரியும், அந்த முகவரிக்குப் பின்னால் யார் என்று தெரியாது.

சரி, சொந்தச் சொத்தாவது மிஞ்சியதே என்று வீரர்களை விற்பனைக்குப் போட்டேன். பாதி விலைக்கு, பிறகு பத்தில் ஒரு பங்குக்கு. அதே முகம், அதே வாளோடு நூற்றுக்கணக்கான வீரர்கள் வரிசையில் நின்றார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

இந்த ‘சொந்தம்’ என்பதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பிளாக்செயினில் உங்கள் பெயரில் இருப்பது பெரும்பாலும் ஓர் எண் மட்டும். சண்டை நடக்கும் களம், விதிகள், பல நேரங்களில் அந்தப் படம்கூட, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. மோசடியே இல்லாத இடத்திலும் இதே கதைதான். எஃப்1 டெல்டா டைம் என்ற பந்தய விளையாட்டில் 2019-இல் ஒரு என்எஃப்டி கார் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. ஃபார்முலா ஒன் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2022 மார்ச்சில் விளையாட்டையே மூடினார்கள். மாற்றாக வேறு விளையாட்டுக்கான சொத்துகளைக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் காரை வாங்கியவரிடம் கார் இருந்தது, ஓட்டத்தான் பாதை இல்லை.

நேர்மையாக நடந்த விளையாட்டுகளின் கணக்கும் எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. ஆக்ஸி என்ற கற்பனைப் பிராணிகளை மோதவிடும் ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல், கொரோனா காலத்தில், பிலிப்பைன்ஸில் பலருக்கு அதுவே வருமானமாக இருந்தது. விளையாடத் தேவையான மூன்று ஆக்ஸி வாங்கவே வசதி இல்லாதவர்களுக்கு மேலாளர்கள் இரவல் கொடுத்து, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். அதன் எஸ்எல்பி டோக்கன் 2021 ஜூலையில் 35 சென்ட் அளவில் இருந்தது, 2022 பிப்ரவரிக்குள் ஒரு சென்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது. காரணம் எளிது. ஒவ்வொரு வெற்றிக்கும் புது டோக்கன் பிறக்கிறது. அது செலவாவது முக்கியமாக புது ஆக்ஸிகளை இனப்பெருக்கம் செய்யும்போது. புது ஆக்ஸியை வாங்கப் புது ஆள் வந்தால்தான் இனப்பெருக்கம் செய்வதில் லாபம். ஆள் வரத்து குறைந்ததும் டோக்கன் குவிந்து கிடந்தது.

அது போதாதென்று 2022 மார்ச்சில் அதன் ரோனின் பாலத்திலிருந்து (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் அமைப்பு) 1,73,600 ஈதர் என்ற கிரிப்டோ நாணயமும் 2.55 கோடி யுஎஸ்டிசி என்ற டாலர் காயினும் திருடு போயின. பணம் வெளியேற ஒப்புதல் தரும் ஒன்பது சரிபார்ப்புச் சாவிகளில் ஐந்து திருடர்கள் கையில் சிக்கியிருந்தன. ஒரு பயனரால் பணம் எடுக்க முடியாமல் போன பிறகுதான், ஆறு நாள் கழித்து, நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. அவர்கள் பின்னால் பயனர்களுக்கு ஈடு செய்தார்கள். எனக்கு வாய்த்தவர்கள் அந்த ரகம் இல்லை.

என் விளையாட்டின் டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் போய், பூலில் இருந்த பணம் எங்கே என்று கேட்டேன். கேள்வி அழிந்தது. மறுபடி கேட்டேன். “ஃபட் பரப்பாதீர்கள், டிக்கெட் போடுங்கள்” என்று ஒரு மாடரேட்டர் சொன்னார். ஃபட் என்றால் வீண் பயம் கிளப்பும் பேச்சு, டிக்கெட் என்றால் புகார் மனு. அடுத்து என்னால் எழுதவே முடியாதபடி வாயைக் கட்டிவிட்டார்கள். அதே குழுவில், எனக்குக் கண்ணெதிரே, புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு இதயக் குறிகளோடு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. கோபம் வந்தது பணத்துக்காக அல்ல, அந்த இதயக் குறிகளுக்காக.

கொஞ்ச நேரத்தில் அட்மின் படத்தோடு ஒரு தனிச்செய்தி. என் தொகை ‘பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது’, 12 சதவீதம் வரி கட்டினால் விடுவிப்பார்களாம். கட்டவில்லை. 2023 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐ வெளியிட்ட எச்சரிக்கையில் இது அப்படியே இருக்கிறது: போலி விளையாட்டுகள் காட்டி வாலட்டில் பணம் போடவைப்பது, போடுவது நின்றதும் வாலட்டைத் துடைப்பது, பிறகு வரி, கட்டணம் என்று மேலும் கேட்பது. உண்மையான வரியை யாரும் தனிச்செய்தியில் வசூலிப்பதில்லை.

இப்போதும் இப்படி ஏதாவது ஒன்றில் சேர யோசிக்கிறவர்கள் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் சம்பாதிக்கும் டோக்கனை யார், எதற்காக வாங்குவார்கள்? புதிதாகச் சேர்கிறவர்தான் என்பது பதிலானால் மேலே போக வேண்டாம். லிக்விடிட்டி, அதாவது தொட்டியில் உள்ள பணம், நிரப்பியவர்களே உருவ முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு, பெரும்பகுதி டோக்கன் எத்தனை வாலட்டில் இருக்கிறது என்பதை, பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் முதலில் வாலட்டைக் கவனியுங்கள். தளத்திலிருந்து ‘டிஸ்கனெக்ட்’ செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. முதல் நாள் நீங்கள் அழுத்திய ‘அப்ரூவ்’, அதாவது டோக்கன்களை எடுக்க நீங்கள் தந்த அனுமதி, அப்படியே உயிரோடு இருக்கும், அதை வைத்து உங்கள் டோக்கன்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியும். ரிவோக் கேஷ் போன்ற கருவியில் போய் அனுமதிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள். வாலட்டின் ரகசியத் திறவுகோலான பன்னிரண்டு சொற்களை எங்காவது தட்டச்சு செய்திருந்தால் ரத்து செய்வதும் உதவாது; புது வாலட் திறந்து மிச்சத்தை உடனே அதற்கு மாற்றுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே, பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பதில் போடாதீர்கள். எனக்கு அப்படிப் பலர் எழுதிவிட்டார்கள், எல்லோரும் முன்பணம் கேட்டார்கள்.