ஜாஸா, என்விடிஏவா, நரேட்டரா? தமிழில் நடக்கும் கணினி வகுப்புக்கு எது?

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குக் கணினி வகுப்பு தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்கிரீன் ரீடர் போடலாம்?" என்பதுதான். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர்; ஜாஸ், என்விடிஏ, நரேட்டர் மூன்றும் அந்த வகை. ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் கேள்வி அதோடு முடிந்துவிடும். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் என்றால் இன்னும் இரண்டு கேள்விகள் வரிசையில் நிற்கின்றன: எந்தத் தமிழ்க் குரல், எந்தத் தமிழ் விசைப்பலகை. வகுப்பு தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். மென்பொருள் தேர்வு இவற்றைவிட எளிது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஜாஸ் மூத்தது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில், 1989இல் வந்தது. வேர்டு, எக்செல் இரண்டிலும் அதன் பிடி இன்றும் வலுவானது. அலுவலகங்களில் ஓடும் பழைய மென்பொருள்களுக்குத் தனியாக ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதி அவற்றைப் பேச வைக்க முடியும். பெரிய நிறுவனத்தில் வேலைக்குப் போகிற ஒருவருக்கு இது நிஜமான லாபம். ஆனால் உரிமம் விலைக்கு வாங்க வேண்டும், பத்து கணினிக்குப் பத்து உரிமம். உரிமம் இல்லாமல் போட்டால் 40 நிமிடம் மட்டும் ஓடும். பிறகு விண்டோஸையே மறுபடி தொடங்கினால்தான் பேசும். ஒரு மணி நேர வகுப்பில் எல்லாக் கணினியும் பாதியில் ஊமையாகும். அந்த 40 நிமிடம் சோதித்துப் பார்க்கத் தரப்பட்டது, வகுப்பு நடத்த அல்ல.

என்விடிஏ 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இலவசம், திறமூலம்; அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். தமிழ் வகுப்புக்கு முக்கியமானது, அதன் மெனுக்களும் அறிவிப்புகளும் தமிழிலேயே கிடைக்கின்றன; பயனர் கையேடும் தமிழில் உண்டு. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த மாணவருக்கு "செக் பாக்ஸ் நாட் செக்டு" என்பதைக் காதில் பிரித்துப் புரிந்துகொள்வதே தனிப் பாடம். முதல் வாரத்தில் அந்தச் சுமை இல்லாமல் போவது பெரிய விஷயம்.

நரேட்டர் விண்டோஸுடனே வருகிறது. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். விண்டோஸ் புதிதாக நிறுவும்போதும், என்விடிஏ கெட்டுப்போய் நிற்கும்போதும் கைகொடுப்பது இதுதான். மாணவர் ஒவ்வொருவருக்கும் இந்த மூன்று விசையை முதல் நாளே பழக்கிவிட வேண்டும். ஆனால் முழு வகுப்பையும் இதை நம்பி நடத்த முடியாது. பழைய மென்பொருள்களில் நரேட்டர் பல பொத்தான்களைக் கண்டுகொள்வதே இல்லை.

லினக்ஸில் ஓடும் ஆய்வகம் கிடைத்தால் ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது; க்னோம் மேசைத்தளத்தில் சூப்பர் (விண்டோஸ் விசைதான்), ஆல்ட், எஸ் அழுத்தினால் பேசும். இணையம் பார்க்க, கோப்பு எழுதப் போதும். வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தான் காத்திருக்கும் என்பதால் அதை முதன்மையாக வைக்கப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆக, அடிப்படை என்விடிஏ. ஜாஸ் வாங்கப் பணம் இருந்தால் ஒன்றிரண்டு உரிமம் வாங்கி, வேலைக்குத் தயாராகும் மாணவர்களுக்குக் கடைசி மாதத்தில் பழக்கலாம். கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் இன்சர்ட் விசை இரண்டிலும் பொது. இன்சர்ட், எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் இணைப்புப் பட்டியல் இரண்டிலும் வரும். ஒன்று தெரிந்தவர் மற்றதற்கு மாறுவது சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் மொபெட் ஏறுவதுபோல.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. நன்கொடையாக வரும் பழைய கணினிகளில் விண்டோஸ் 7 இருக்கும். அதில் ஓடும் கடைசி என்விடிஏ 2023.3.4. அதற்கு மேல் போட முயன்றால் நிறுவாது. ஒவ்வொரு ஆண்டும் முதலில் வரும் பதிப்பு, அதாவது ".1" என்று முடிவது, பழைய துணைநிரல்களை முடக்கிவிடக்கூடும். ஒரு அணி மாணவர்கள் படிப்பின் நடுவில் இருக்கும்போது புதுப்பிக்காதீர்கள். எண்விசைகளால் வாசிக்கும் டெஸ்க்டாப் விசை அமைப்பில் நம்லாக் தவறுதலாக இயங்கிவிட்டால், வரி வாசிக்க அழுத்திய எண்விசை கோப்பில் எண்ணாகப் போய் விழும். "சார், என்விடிஏ வேலை செய்யல" என்ற புகார் வந்தால் முதலில் நம்லாக்கைப் பாருங்கள். மடிக்கணினி என்றால் லேப்டாப் அமைப்புக்கு மாற்றி, கேப்ஸ்லாக்கை என்விடிஏ விசையாக வையுங்கள். வகுப்பில் பாதிப் பேர் இன்சர்ட்டிலும் பாதிப் பேர் கேப்ஸ்லாக்கிலும் இருந்தால் ஆசிரியர் ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு தடவை சொல்ல வேண்டிவரும்.

ஹெட்போன் ஒரு காதுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டு காதும் மூடினால் ஆசிரியர் சொல்வது கேட்காது. பார்வையுள்ள ஆசிரியருக்கு என்விடிஏவின் கருவிகள் மெனுவில் ஸ்பீச் வியூவர் உண்டு. மாணவர் காதில் விழுவதெல்லாம் அந்தச் சாளரத்தில் எழுத்தாக வரும்.

இனி குரல். போட்டி இரண்டு பேருக்கு இடையில்: என்விடிஏவுடன் சேர்ந்தே வரும் ஈஸ்பீக், விண்டோஸில் தனியாக இறக்க வேண்டிய வள்ளுவர் என்ற குரல்.

ஈஸ்பீக்கின் தமிழ் காதுக்கு இனிமையானது அல்ல. தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். முதல் நாள் மாணவர்கள் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் விசையை அழுத்தியதும் பேசும், தாமதமே இல்லை. வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொல் உடையாது. தட்டச்சு கற்கும்போது இது உயிர்நாடி. எழுத்து அழுத்திய பின் அரை நொடி கழித்துக் குரல் வந்தால், அதற்குள் விரல் அடுத்த விசைக்குப் போயிருக்கும். கேட்டது எந்த விசைக்கு உரியது என்று குழப்பம் வரும்.

வள்ளுவர் இயல்பான ஆண் குரல். விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் பகுதிக்குப் போய்த் தமிழ் மொழியைச் சேர்க்கும்போது, பேச்சு வசதிக்கான குறியையும் தேர்ந்தெடுத்தால் இறங்கும். இறக்க இணையம் வேண்டும், ஆகவே பத்து கணினியிலும் வகுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு என்விடிஏவில் இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் என்ற குரல்பொறியைத் தேர்ந்தெடுத்து, குரலாக வள்ளுவரை வைக்க வேண்டும். நீண்ட கட்டுரை, கதை, செய்தி வாசிக்க இது நல்ல துணை. ஒவ்வொரு பேச்சுக்கும் முன் ஒரு சிறு இடைவெளி விழக்கூடும். எழுத்து எழுத்தாகப் போகும்போது அது உறுத்தும்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. என்விடிஏவில் அமைவுத் தொகுப்புகள் உருவாக்கலாம். "வாசிப்பு" என்று ஒன்று உருவாக்கி அதில் வள்ளுவரை வைத்து, உள்ளீட்டுச் சைகைகள் உரையாடலில் அதற்கு ஒரு விசையை ஒதுக்கிவிட்டால், எழுதும்போது ஈஸ்பீக், படிக்கும்போது வள்ளுவர் என்று ஒரே அழுத்தலில் மாறலாம்.

ஆங்கிலக் குரல் மட்டும் இருக்கும் கணினியில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் மௌனம்தான். கோப்பு காலி என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். ஜாஸ் வாங்குவதற்கு முன் அந்த 40 நிமிடத்தில் சோதிக்க வேண்டியதும் இதைத்தான்: நீங்கள் நினைத்திருக்கும் தமிழ்க் குரலில், தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு வேர்டு கோப்பை அது எப்படி வாசிக்கிறது? விற்பவர் காட்டும் ஆங்கில மாதிரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது விசைப்பலகை. எங்கள் கணிப்பில் வகுப்பின் தலைவிதி இங்கேதான் எழுதப்படுகிறது.

ஒலியியல் முறையில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவருக்கு அன்றே எழுத வரும் என்பது அதன் கவர்ச்சி. தமிழ்ப் பிரெயிலில் படித்து வந்தவருக்கோ அது இரட்டை வேலை. 'ழ' எழுத ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று யோசித்து, பிறகு அந்த விசையைத் தேட வேண்டும். ல, ள இரண்டுக்கும் ஒரே விசை, ஷிஃப்ட் மட்டும் வேறுபாடு. ன, ண இரண்டுக்கும் அப்படியே. ஈஸ்பீக்கின் தகரக் குரலில் ல, ள வேறுபாடு சட்டென்று பிடிபடாது, பிழை தெரியாமலேயே கோப்பு முடிந்துவிடும். இன்னொரு சிக்கல் மென்பொருளின் உள்ளே இருக்கிறது. ஒலியியல் மென்பொருள்கள் பல, போட்ட எழுத்தைத் தாமே அழித்து வேறு எழுத்தைப் போடுகின்றன. ஸ்கிரீன் ரீடர் அந்த அழிப்பையும் விசை அழுத்தலாக எடுத்துக்கொண்டு உளறும், சில சமயம் எழுத்தே தவறாக விழும். என்விடிஏ விசைப்பலகை அமைப்புகளில், பிற செயலிகளிலிருந்து வரும் விசைகளைக் கையாள் என்ற பொருள் தரும் தேர்வை நீக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும்.

தமிழ்99 முறை 1999 தமிழ்நெட் மாநாட்டில் உருவானது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். பார்க்காமல் தட்டுகிறவருக்கு இதைவிடத் தோதான பிரிப்பு இல்லை. எல்லா விசைப்பலகையிலும் எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும் அல்லவா? தமிழ்99இல் இடக்கை ஆள்காட்டி விரல் நிற்கும் அந்த எஃப் மேட்டில் புள்ளி. வலக்கை ஆள்காட்டி விரல் நிற்கும் ஜே மேட்டில் ப. அதன் பக்கத்தில் ம, அதற்குப் பக்கத்தில் த. "தமிழ்" எழுத: எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். த, ம, இ, ழ, புள்ளி. பிரெயிலில் எழுத்துக் கூட்டுகிற அதே வரிசைதான்; அங்கே புள்ளி மட்டும் மெய்க்கு முன்னால் வரும். ஷிஃப்ட் கிரந்த எழுத்துகளுக்குத்தான்.

ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ என்று தட்டினால் "அம்மா". ங பின் க, ந பின் த வந்தாலும் அப்படியே. இந்த வசதியே ஓரிடத்தில் காலை வாரும். "பப்பாளி" எழுதினால் "ப்ப" என்று தொடங்கிவிடும். முதல் 'ப'வுக்குப் பின் ஒரு 'அ' தட்ட வேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. இதை இரண்டாம் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் மாணவர் மென்பொருளைத்தான் திட்டுவார். நிறுவிய மென்பொருளில் தானியங்கிப் புள்ளி உண்டா என்று எச் விசையை இருமுறை தட்டிப் பாருங்கள். "க்க" வந்தால் சரி. "கக" வந்தால் வேறு மென்பொருள் தேடுங்கள்.

இன்ஸ்கிரிப்ட் விண்டோஸில் தயாராக இருக்கிறது, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே வரிசை. இந்தியும் எழுத வேண்டியவர்களுக்கு உதவும். தமிழ் மட்டும் எழுதுகிறவர் புள்ளியை ஒவ்வொரு தடவையும் கையால் போட வேண்டியிருக்கும்.

எந்த விசைப்பலகையானாலும் ஒரு பொதுக் குழப்பம் உண்டு. அம்பு விசையில் போகும்போது "மி" ஒரே எழுத்தாகக் கடக்கும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் இகரக் குறி மட்டும் போய் "ம" நிற்கும். டெலிட் அழுத்தினால் "மி" முழுதும் போகும். காதால் மட்டும் கேட்கிறவருக்கு இது பேய் வேலைபோல் தெரியும். முதல் இரண்டு வாரம் எழுத்து ஒலிப்பை, அதாவது இன்சர்ட், 2ஐ இயக்கத்தில் வைத்து இந்த மூன்றையும் பழக்கிவிட்டு, பிறகு அதை நிறுத்தி இன்சர்ட், 3 கொண்டு சொல் ஒலிப்புக்கு மாற்றுங்கள். தட்டும் வேகம் அங்கேதான் ஏறும்.

பாடக் குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால் எந்த ஸ்கிரீன் ரீடராலும் பயனில்லை. "தமிழ்" என்ற சொல் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்றுதான் கேட்கும், ஏனென்றால் கோப்புக்குள் இருப்பது அதுவே. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுவிட்டது; அச்சகங்களும் பழைய கோப்புகளும்தான் இன்னும் விடவில்லை. மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே மாணவரிடம் கொடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், என்விடிஏவில் இன்சர்ட், ஆர் விசையில் வரும், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் விண்டோஸ் எழுத்துணரிக்குத் தமிழ் தெரியாது. டெசராக்ட் என்ற எழுத்துணரி அல்லது கூகுள் டிரைவ் வழியாகப் போக வேண்டும்.

படிப்பு முடிந்து போகும் மாணவருக்கு என்விடிஏவின் கையடக்கப் பிரதி ஒன்றை பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். கருவிகள் மெனுவிலேயே உருவாக்கலாம். எதையும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகக் கணினியிலும் அது ஓடும். உள்நுழைவுத் திரையிலும், நிர்வாகி அனுமதி கேட்கும் திரையிலும் பேசாது, அங்கே நரேட்டர். வள்ளுவர் அந்த பென் டிரைவில் ஏறமாட்டார், அவர் விண்டோஸுக்குச் சொந்தம். கூட வருவது ஈஸ்பீக் மட்டும்தான். முதல் நாள் முகம் சுளித்த மாணவரிடம் அன்றே சொல்லிவிடுவது நல்லது.