நெல்லை எங்கே போடுவது: கொள்முதல் நிலையமா, களத்து வியாபாரியா?

2025 செப்டம்பர் கடைசியில் மூன்று ஏக்கர் குறுவை நெல் அறுத்தேன். ரகம் கோ 51, சன்ன நெல். அறுவடை வண்டி வயலை விட்டு ஏறுவதற்குள் வியாபாரியின் ஆள் வந்துவிட்டார். ஒரு பிடி நெல்லை எடுத்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தார். "காய வைக்க வேணாம், இப்படியே ஏத்திடறேன். மூட்டை 1150, கையில காசு" என்றார். மன்னார்குடி பக்கம் நெல் போடும் யாருக்கும் இந்த நிலைமை தெரியும். மேற்கே மேகம் நிற்கும், வண்டிக்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும், எதிரில் ரொக்கம் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார்.

நான் அவருக்குப் போடவில்லை. காயவைத்து அரசு கொள்முதல் நிலையத்தில்தான் போட்டேன். அதே ஊரில் என் சித்தப்பா வியாபாரிக்குப் போட்டார். அவருடையது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2545 ரூபாய். மத்திய அரசின் ஆதரவு விலை 2389, மாநில ஊக்கத்தொகை 156. பொது ரகம் 2500. நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள், சன்னத்துக்குச் சிப்பம் 1018 ரூபாய் வரும். பணம் வங்கிக் கணக்கில் ஏறும். வியாபாரி அன்றைக்கே கையில் கொடுப்பார். நிலத்துக்குச் சிட்டா, என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், கணக்குப் புத்தகம் என்று எதுவும் கேட்க மாட்டார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது ஈரத்தைப் பற்றி. என் கணக்கில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. வண்டியிலிருந்து இறங்கும் குறுவை நெல் 20, 22 என்றுதான் இருக்கும். என்னுடையது 22. வியாபாரி சொன்ன மூட்டை 60 கிலோ, கழிவுக்கு 2 கிலோ சேர்த்து 62 கிலோ பிடிப்பார். அந்த 62 கிலோ ஈர நெல்லை 17-க்குக் காயவைத்தால் 58 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். தண்ணீராகப் போவது நாலு கிலோகூட இல்லை. நிலையத்து விலையில் அதன் மதிப்பு 95 ரூபாய். ஆனால் அதே 62 கிலோவுக்கு நிலையத்து முழு விலை 1578 ரூபாய் ஆகும்போது வியாபாரி கொடுப்பது 1150. 428 ரூபாய் கழிக்கிறார். தண்ணீருக்கு 95 போனால் மீதி 333 எதற்கு?

அவர் பக்கமும் பார்க்க வேண்டும். காயவைக்கும் கூலி, லாரி, நடுவில் மழை பெய்தால் வரும் நஷ்டம் எல்லாம் அவர் தலையில். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் 333. ஆனால் அதே வேலையை நாமே செய்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. எனக்கு ஆனதைச் சொல்கிறேன். மூன்று ஏக்கரிலும் சேர்த்து 105 மூட்டை. வியாபாரிக்குப் போட்டிருந்தால் 1,20,750 ரூபாய். காயவைத்து, தூற்றி, நிலையத்தில் 150 சிப்பம் பிடித்தேன், 1,52,700 ரூபாய் வந்தது. ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை, டிராக்டர், ராத்திரிக் காவல் எல்லாம் போட்டு ஏறக்குறைய 9000 செலவு. கிட்டத்தட்ட 23,000 ரூபாய் மிச்சம். மூன்று நாள் வெயிலுக்கும் ஆறு நாள் காத்திருப்புக்கும் கிடைத்தது அது. ஓர் ஏக்கர் சம்பாவுக்கு உழவும் நடவும் அதில் அடங்கிவிடும்.

ஆகவே நிலையமா வியாபாரியா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலைப் பட்டியலை அல்ல, உங்களுக்கு நெல் காயவைக்க இடம் இருக்கிறதா என்பதை. எனக்கு வீட்டை ஒட்டி சிமெண்டுக் களம் இருக்கிறது. களம் இல்லாதவர்கள் தார்ச்சாலை ஓரத்தில் பரப்புகிறார்கள். நெல் லாரிச் சக்கரத்தில் நொறுங்குகிறது, விபத்தும் நடக்கிறது. உர மானியம், இலவச மின்சாரம், வருஷத்துக்கு 6000 ரூபாய் பி.எம். கிசான் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஊருக்கு ஒரு நல்ல உலர்களமும் கூரையும் கட்டிக் கொடுத்தால், ஆதரவு விலை என்று காகிதத்தில் இருப்பது அப்படியே விவசாயி கைக்கு வரும். களம் இல்லாதவனுக்கு அந்த 2545 இல்லவே இல்லை. அவனுடைய விலை 1850-தான்.

ஈரப்பதத் தளர்வை நம்பி யாரும் ஈர நெல்லை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். 2023 பிப்ரவரியில் சம்பா மழையில் மாட்டியபோது 20 வரை தளர்த்தினார்கள். 2025 அக்டோபரிலும் 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு கேட்டது, மத்தியக் குழுவினர் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். இதற்கெல்லாம் நாளாகும். நெல் நாலு நாளில் முளைவிட்டுவிடும்.

இப்போது சித்தப்பா கதைக்கு வருகிறேன். அவருக்கு அறுவடை அக்டோபர் நடுவில். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நிலையங்களில் பிடித்த நெல்லை ஏற்ற லாரி வரவில்லை, உள்ளே இடமில்லை, வெளியே குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்குள் நெல் வியர்த்துக்கொண்டிருந்தது. அவர் ஐந்து நாள் வரிசையில் இருந்தார். ஆறாம் நாள் குவியலின் அடியில் கையை விட்டால் சூடு, வெள்ளையாக முளை. வியாபாரிக்கு மூட்டை 1000-க்குத் தள்ளிவிட்டார். வேறு வழியில்லை. இன்னொன்று, அவர் பயிர் செய்வது குத்தகை நிலம். அடங்கல் வாங்க ஒவ்வொரு போகமும் நடையாய் நடக்க வேண்டும். அடங்கல் கைக்கு வராத குத்தகைக்காரருக்கு வியாபாரிதான் நிலையம். அப்புறம், சிப்பத்துக்கு இவ்வளவு என்று நிலையத்தில் காசு கேட்கிறார்கள் என்பது விவசாயச் சங்கங்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் புகார். இதையெல்லாம் மறைத்துவிட்டு நிலையத்துக்குப் போங்கள் என்று சொன்னால் அது நியாயமாக இருக்காது.

வியாபாரி ஜெயிக்கும் வருஷமும் உண்டு. 2023-ல் மேட்டூரில் தண்ணீர் தீர்ந்து அக்டோபர் 10-ம் தேதியே அணையை மூடினார்கள். அடுத்த சம்பாவில் நெல் வரத்து குறைவு. அந்தத் தை மாதம் என் பிபிடி நெல்லுக்கு வியாபாரி கொடுத்தது நிலையத்து விலையைவிடக் கூடுதல், யோசிக்காமல் கொடுத்தேன். பிபிடி மாதிரி சாப்பாட்டு அரிசி ரகம், நெல் தட்டுப்பாடு, நன்றாகக் காய்ந்த நெல் மூன்றும் சேர்ந்தால் வியாபாரிதான். சிஆர் 1009 மாதிரி குண்டு ரகத்துக்கு அப்படி ஒரு விலை எனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

மூன்றாவது வழியான, ஏலத்தில் விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பற்றி என்னிடம் கேட்டால் அரைகுறையாகத்தான் சொல்ல முடியும். இரண்டு முறை பருத்தி கொண்டுபோயிருக்கிறேன், எடை சரியாக இருந்தது. நெல்லை அங்கே ஏலத்துக்கு விட்டுப் பார்த்ததில்லை.

வியாபாரியின் விலைகூட நிலையத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கள் பகுதியில் நிலையம் திறக்கும்வரை ஒரு விலை, திறந்த மறுநாள் மூட்டைக்கு ஐம்பது, அறுபது கூடும். அது மூடிக் கிடந்தாலோ, லாரி வராமல் நின்றாலோ மறுபடி இறங்கும். விற்பனைக் கூடச் சட்டத்தை 2006-ல் நீக்கிய பீகாரில், ஆதரவு விலைக்குக் கீழே நெல் விற்பது சாதாரணமான விஷயம். அங்கே வியாபாரிக்கு எதிரே நிற்க வலுவான கொள்முதல் இல்லை. நாங்கள் போடும் நெல் அரவை ஆலைக்குப் போய் ரேஷன் கடைக்கு வருகிறது. 2002-லிருந்து தமிழ்நாடு தானே பிடித்துத் தானே கொடுக்கும் முறைக்கு வந்துவிட்டது. மாதம் 20 கிலோ விலையில்லா அரிசி வாங்கும் வீடுகளில் எங்கள் தெருவும் உண்டு. நல்ல நெல் எல்லாம் வியாபாரி லாரியில் வெளியே போய், முளைவிட்ட நெல் மட்டும் நிலையத்துக்கு வந்தால் அந்த அரிசியும் அப்படித்தான் இருக்கும்.

வருகிற சம்பாவுக்கு இரண்டு ஏக்கர் சிஆர் 1009, ஓர் ஏக்கர் பிபிடி. சிஆர் நிலையத்துக்கு, அதில் சந்தேகமில்லை. பிபிடியைக் காயவைத்த பிறகு விலை கேட்பதாக இருக்கிறேன், ஈரத்தோடு கேட்கப் போவதில்லை. சித்தப்பாவின் அடங்கலுக்கு இப்போதே மனு எழுதிக் கொடுத்தாயிற்று. அறுவடை எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் வராதபடி ஒரு வாரம் தள்ளி நட்டிருக்கிறோம், களம் ஒன்றுதான் இருக்கிறது.