ஹோஸ் ஒழுக்கை ஒட்டித் தருகிறோம் என்றால் நம்பிக் கொடுக்காதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிற ஆட்கள் இதை வாசியுங்கள். ஹோஸில் இருந்த ஒரு ஒழுக்குக்காக நான் 2,850 ரூபாய் கொடுத்தேன். ஒழுக்கு நிற்கவில்லை, இருந்த ஹோஸும் கெட்டது.

இது ஆவணி மாதம் நடந்தது. சோளகம் அடித்துக் கிணறு கீழே போயிருந்த நேரம். எங்கள் வளவில் கத்தரியும் பயற்றையும் பூக்கத் தொடங்கியிருந்தன. மோட்டரைப் போட்டால் ஹோஸின் நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் விசிறியடிக்கும், கடைசியில் நிற்கிற வாழைக்குப் போய்ச் சேராது. ஹோஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன்.

"விடுங்கோ அக்கா, அரை மணித்தியாலத்தில ஒட்டித் தாறம். ஆறு மாசத்துக்கு அசையாது" என்றார் கடைத் தம்பி. கம் பூசினார், மேலே ரேப் சுற்றினார், அதற்கும் மேலே கட்டுக்கம்பியைக் குறட்டால் முறுக்கினார். 1,400 ரூபாய். மறுநாள் மோட்டர் போட்டுப் பத்து நிமிடத்தில் ரேப் உரிந்து வந்தது. கம்பி இறுகிய இடத்தில் ஹோஸ் அறுந்து புதிதாக இரண்டு ஓட்டை.

திருப்பிக் கொண்டுபோனால் முதலாளி வேறு கதை சொன்னார். ஹோஸ் பழசாம், வேலையில் பிழை இல்லையாம். வெட்டிய துண்டுகளை இணைக்கிற ஜொயின்ரும் கிளிப்பும் போட்டால் சரி என்று இன்னொரு 1,450 வாங்கினார். பில் கேட்டேன், "பிறகு தாறன்" என்றார். எங்கள் ஹோஸ் முக்கால் இஞ்சி, அவர் செருகியது அரை இஞ்சி ஜொயின்ற். கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்குமா? அன்று பின்னேரமே கழன்று விழுந்தது.

கடைசியில் பக்கத்து வளவு ஐயாதான் செய்து தந்தார். ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் நல்ல இடம் வரைக்கும் தள்ளி, கூரான கத்தியால் நேராக வெட்டினார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓட்டையைத் தாண்டியும் ஓடியிருக்குமாம். கிளிப்பை முதலில் ஹோஸில் கோத்துவிட்டு, நுனியைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் பிடித்தார். ஹோஸ் இளகியதும் முக்கால் இஞ்சிப் பித்தளை ஜொயின்ரை அடிவரைக்கும் தள்ளி, இரண்டு பக்கமும் இறுக்கினார். சாமான் செலவு 600 ரூபாய்கூட வரவில்லை.

கடைத் தம்பி பூசிய அந்தக் கம் கெட்டியான பிவிசி பைப்புக்கு உரியது. ஹோஸ் தண்ணீர் அழுத்தத்தில் விரிந்து சுருங்கும், கம் விரியாது, அதனால் வெடித்துவிடும். கம்பி மெல்லிய கோடாக அழுத்துவதால் வெட்டும், கிளிப் பட்டையாகப் பிடிக்கும். ஊசித்துளை மட்டும் என்றால் பழைய சைக்கிள் ரியூப்பை வார்போலக் கீறி இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள், சாமான் வாங்கும்வரை தாங்கும்.

கடைக்குப் போகும்போது வெட்டிய துண்டைக் கொண்டுபோய் ஜொயின்ரை அதிலேயே செருகிப் பாருங்கள். பில்லைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். என்னிடம் காட்டுவதற்குப் பில் இல்லை.

நேற்று வாழைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதற்குள் இரண்டு மரம் வாடிச் சாய்ந்துவிட்டன, ஒன்று குலை தள்ளியிருந்த மரம்.